தாம்பாளத்தில் மிஞ்சிய சால்வை

ஜெகதாம்பாளுக்குச் சால்வை என்றால் ஆகாது. பாம்புக்குப் பயப்பட மாட்டாள். பரீட்சை நாளில் கேட்டை மறித்து நிற்கிற கூட்டத்துக்குப் பயப்பட மாட்டாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற பெரிய மனிதர்களைக்கூட ஒரே ஒரு "உக்காருங்க"வில் உட்கார வைத்துவிடுவாள். ஆனால் யாராவது ஒரு சால்வையை உதறிப் பிரித்துக்கொண்டு எதிரே வந்தால் போதும், கல்லூரி முதல்வர் என்கிற கெத்தெல்லாம் இறங்கிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்து நிற்பாள். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தக் கல்லூரியில் சால்வைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கல்லூரி, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற புழுதிக்கு நடுவே இருக்கிறது. கலை அறிவியல் கல்லூரி. தாளாளர் சாமிதுரை அரிசி ஆலையில் ஆரம்பித்து, லாரி வாங்கி, கடைசியில் கல்லூரியும் கட்டியவர். அதட்டிப் பேச மாட்டார். தொல்லையே அதுதான். ஒருவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் நேரில் கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு வாய் வராது. ஆண்டு விழா வரை காத்திருப்பார். மேடையில், எல்லோரும் பார்க்க, ஒரு சால்வையை எடுத்துப் போர்த்தி, மைக்கைப் பிடித்து, "அய்யா அவர்கள் ஓய்வெடுக்க விரும்புகிறார்கள்" என்பார். தாம் ஓய்வெடுக்க விரும்புகிற விஷயம் அந்த அய்யாவுக்கே அப்போதுதான் தெரியும். கைதட்டல் வேறு! முதலில் இருந்த முதல்வர் அப்படித்தான் போனார். அவருக்கு அடுத்து வந்தவர், பாவம், சால்வை விழுந்ததும் பூரித்துப்போய் நன்றி சொல்ல எழுந்தார். பாதிப் பேச்சில்தான் விஷயம் புரிந்தது. வெளியூர் விருந்தினருக்குச் சால்வை என்றால் மரியாதை. உள்ளூர் வாத்தியாருக்குச் சால்வை என்றால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம். ஆசிரியர்கள் அறையில் யாரும் 'வேலை போய்விட்டது' என்று சொல்வதில்லை. 'சால்வை விழுந்துடுச்சு' என்றுதான் சொல்வார்கள்.

இந்த எச்சரிக்கை, ஜெகதாம்பாள் கல்லூரிக்கு வந்து கற்றுக்கொண்டது இல்லை. வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் அவள் ஊர். அப்பா பிச்சைமுத்துவும் அம்மா பெரியம்மாளும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தார்கள், சோளம் ஒடித்தார்கள், சின்ன வெங்காயம் அறுத்தார்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நிலத்துக்காரர் "டேய் பிச்சமுத்து" என்று கத்துகிற வரை வீட்டில் அடுப்பு எரியும். ஒரு நாள் அவர், "வாப்பா பிச்சமுத்து, ஒக்காரு, காப்பி சாப்புடு" என்றார். அப்பா வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்ல, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "காப்பி குடுத்தானா? போச்சு போ." அம்மா சொன்னபடியே அடுத்த வெள்ளாமைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். மேலே இருக்கிறவன் இனிக்க இனிக்கப் பேசினால், எதைப் பிடுங்கப் போகிறான் என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு அந்தச் சிறுமியின் மண்டையில் ஏறியதுதான். இறங்கவே இல்லை.

வரலாறு அவள் ஆசைப்பட்டு எடுத்த பாடம் இல்லை. அவள் மார்க்குக்கு வேறு எந்தப் பாடமும் கதவைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே போனபிறகு அது அவளுக்கென்றே வைத்திருந்த இடம்போல் ஆகிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வகுப்போடு போனபோது மற்றவர்கள் கோபுரத்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள். இவள் கல்வெட்டைக் காட்டி, "ஆடு குடுத்தவன் பேரு இருக்கு, வெளக்கு குடுத்தவன் பேரு இருக்கு. கல்லு தூக்குனவன் பேரு எங்க சார்?" என்று கேட்டாள். எழுதியிருப்பதை அப்படியே நம்பாத புத்தி வாழ்க்கைக்குத் தொல்லைதான். வரலாற்றுக்கு அதுதான் மூலதனம். எம்.ஏ. முடித்தாள், திருச்சிக்கு அலைந்து முனைவர் பட்டமும் வாங்கினாள். ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருஷம் ஓட்டினாள். ஒரு வருஷக் கடைசியில் அங்கே அவளை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். ஜூன் மாதம் கூப்பிடவில்லை.

பிறகுதான் சாமிதுரையின் கல்லூரி. அங்கே வரலாற்றுத் துறை என்று ஒன்றைத் தொடங்கி, அதை நிற்க வைத்தவள் ஜெகதாம்பாள். மே மாத வெயிலில் குடையும் கையுமாக ஊர் ஊராகப் போவாள். கணக்கு வராத பிள்ளைகள், கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள், திருப்பூர் மில்லுக்கு அனுப்பப் பெட்டி கட்டி வைத்திருந்த பெண் பிள்ளைகள் எல்லோரையும் தகப்பன்மாரோடு மல்லுக்கட்டி அழைத்து வருவாள். அப்படி வந்தவள்தான் மஞ்சு. பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறப்போனவளைப் பஸ் ஸ்டாண்டிலேயே மறித்து அழைத்து வந்தாள். அந்த மஞ்சு இன்றைக்குச் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வி.ஏ.ஓ. வரலாற்றுத் துறை இல்லையென்றால் மஞ்சு இல்லை. ஜெகதாம்பாளுக்கு அந்தத் துறைதான் உயிர். முதல்வர் நாற்காலி அதைக் காப்பாற்றக் கிடைத்த ஒரு மரச்சாமான், அவ்வளவுதான்.

நாற்காலி கிடைத்த அன்றும் சாமிதுரை வாழ்த்துவதற்காக ஒரு சால்வையோடு வந்தார். ஜெகதாம்பாள் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அய்யா, எனக்கு இந்தத் துணி சேராதுங்க. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்."

"அப்படியாம்மா? சரி சரி" என்று அவர் சிரித்துக்கொண்டே மடித்து வைத்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவள் இரண்டு நாள் யோசித்தாள். அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் நிகழ்ச்சியைத் தானே தொகுத்து வழங்கினாள். மைக்கைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு யார் வந்து போர்த்த முடியும்?

ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு பார்க்கிற அவள் கணவன் மணிவண்ணனுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. "ஒனக்குச் சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும், ஐ.டி. கார்டு எங்கன்னு கேப்ப" என்பான்.

"ஆமா, கேப்பேன். போலிச் சாமி ஊருக்குள்ள கொறச்சலா?" என்பாள் அவள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்ததுமே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தாளாளர் புதிதாக ஏதோ மருத்துவம் சார்ந்த படிப்பு கொண்டுவருகிறார், அதற்கு அறைகள் வேண்டும், பழைய துறை ஒன்றை மூடப்போகிறார் என்று. கல்லூரியில் பிள்ளைகள் குறைவாகச் சேருகிற துறைகள் இரண்டுதான். ஒன்று வரலாறு. இன்னொன்று பொருளியல். பொருளியலுக்குத் தலைவர் குருமூர்த்தி. கல்லூரிக்கே துணை முதல்வரும் அவர்தான். அரியலூர்க்காரர். தலை குனிந்தபடி நடப்பார், அளந்துதான் பேசுவார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் அவரைச் சாது என்றார்கள். சாது என்று பெயரெடுத்தவர்களைத்தான் ஜெகதாம்பாள் முதலில் கவனிப்பாள்.

முதல் தகவல் அலுவலக உதவியாளர் ஜோதி கொண்டுவந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லுவேன், நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. ஞாயித்துக்கெழம குருமூர்த்தி சார் வண்டி அய்யா மில்லு வாசல்ல நின்னுச்சு."

"ஏதோ ஒரு நாள் போயிருப்பாரு."

"போன வாரமும் நின்னுச்சு மேடம். எங்க வூட்டுக்காரரு அங்கதான மூட்ட தூக்குறாரு. உள்ள போனா மத்தியானம்தான் வெளிய வராராம்."

அன்று சாயங்காலம் ஜெகதாம்பாள் பேச்சுவாக்கில் கேட்பதுபோல் குருமூர்த்தியிடம் கேட்டாள். "லீவு நாள்ல என்ன சார் பண்றீங்க?"

"வூட்லதான் மேடம். செடிக்குத் தண்ணி ஊத்துவேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

பொய்! முகத்துக்கு நேரே பச்சைப் பொய். ஜெகதாம்பாளுக்குக் கோபம் ஒரு பக்கம், நாம் நினைத்தது சரிதான் என்கிற ஒரு கேடுகெட்ட திருப்தி இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியானது. அவள் உள்ளே நுழைந்தால் அவர் போனைத் துண்டித்தார். அவள் திருச்சிக்குப் போன நாளில் அவள் அறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று ஜோதி சொன்னாள். ஒருநாள் வந்து, "மேடம், ஒங்க பழைய ஹிஸ்டரி புள்ளைங்கள்லாம் இப்ப எங்க எங்க இருக்காங்க? நல்ல வேலைல யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்" என்றார்.

எதற்குக் கேட்கிறார்? துறையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தாளாளரிடம் காட்டத்தான் என்று அவள் கணக்குப் போட்டாள். பெருமையாகச் சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு பெயரும் அவள் வாயிலிருந்து வரவில்லை. "அப்படி யாரும் ஞாபகம் வரல சார்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் மஞ்சுவே போன் பண்ணினாள். "மேடம், நம்ம குருமூர்த்தி சார் என் ஆபீசுக்கு வந்தாரு. ஹிஸ்டரி படிச்சு எப்படி வேலைக்கு வந்தன்னு கேட்டாரு. நான் பேசுனத வீடியோ எடுத்துக்கிட்டாரு. நீங்கதான அனுப்புனீங்க?"

"ஆமா ஆமா" என்று சமாளித்துப் போனை வைத்தாள் ஜெகதாம்பாள். நம்மைக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றதும் நம் பிள்ளையிடமே போய்விட்டான் பாவி! என்ன பேசவிட்டு எதைப் பதிந்துகொண்டானோ!

ஆண்டு விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது குருமூர்த்தி அவள் அறைக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, கேண்டீன் பையனிடம் சொல்லி ஒரு காப்பியும் வரவழைத்திருந்தார். அவள் முன்னால் வைத்தார்.

"சாப்புடுங்க மேடம். ரொம்ப ஓஞ்சு போயிருக்கீங்க."

ஜெகதாம்பாள் டம்ளரையே பார்த்தாள்.

"ஹிஸ்டரிக்கு ஒண்ணும் ஆகாது மேடம். நிம்மதியா இருங்க" என்றார் அவர்.

"அத நீங்க எப்படி சார் சொல்றீங்க? அய்யா ஒங்ககிட்ட எதும் சொன்னாரா?"

"அப்படில்லாம் இல்ல மேடம். எனக்குத் தோணுச்சு. சொன்னேன்." அவர் எழுந்து போய்விட்டார்.

காப்பி ஆறி, மேலே ஆடை கட்டியது. அவள் தொடவில்லை. பெரியம்மாள் தலையில் கை வைத்த காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. துறையை மூடுவது முடிவாகிவிட்டது, நமக்குச் சால்வையும் வாங்கிவிட்டார்கள், இந்த நாற்காலிக்கு வருகிறவன் முன்கூட்டியே வந்து அளவெடுத்துவிட்டுப் போகிறான். அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. வாழ்நாளெல்லாம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், இந்த ஒன்றை மட்டும் அப்படியே நம்பிவிட்டாள்.

வீட்டில் மணிவண்ணன், "அந்த ஆள நேரா கூப்புட்டு என்ன ஏதுன்னு கேட்டுட வேண்டியதுதான?" என்றான்.

"கேட்டா சொல்லிருவானாக்கும்! ஞாயித்துக்கெழம செடிக்குத் தண்ணி ஊத்துறவன்."

"எதுக்கும் ஒரு வார்த்த கேளு ஜெகா."

அவள் கேட்கவில்லை.

ஆண்டு விழா அன்று பந்தல் நிரம்பி வழிந்தது. ஜெகதாம்பாள் வழக்கம்போல மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் நின்றாள். ஜோதி தாம்பாளத்தில் சால்வைகளை அடுக்கி எடுத்து வந்தாள். சாமிதுரை விருந்தினர்களுக்கு ஒவ்வொன்றாகப் போர்த்தினார். எல்லோருக்கும் போர்த்தியாயிற்று. தாம்பாளத்தில் ஒரு சால்வை மிஞ்சி நின்றது. நல்ல மெரூன் நிறம், ஜரிகைக் கரை. விருந்தினர்களுக்குப் போட்டதைவிட உசத்தி. ஜோதி தாம்பாளத்தோடு இறங்கப் போக, சாமிதுரை கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் அந்தச் சால்வையை எடுத்தார். ஜெகதாம்பாளைப் பார்த்துச் சிரித்தார். மைக்குக்காகக் கையை நீட்டினார். கீழே முதல் வரிசையில் ஆசிரியர்கள் மூச்சை இழுத்துப் பிடித்ததை அவள் பார்த்தாள். இதோ வந்துவிட்டது! அவள் அப்பாவுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். நான் குடிக்க மாட்டேன் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று எகிறியது.

மைக்கைக் கொடுக்காமல், சிரித்த முகத்தோடு அவளே பேசிவிட்டாள். "அய்யா என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கல்லூரிக்காக, ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வெடுக்காமல் ஓடி ஓடி உழைக்கிறவர் நம் துணை முதல்வர். அவரைத்தான் அய்யா கௌரவிக்க நினைக்கிறார். அய்யா சார்பில் அந்தப் பாக்கியத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்."

சாமிதுரையின் கையிலிருந்து சால்வையை ஏறக்குறையப் பறித்தாள். இரண்டு எட்டில், மேடையிலேயே உட்கார்ந்திருந்த குருமூர்த்தியின் நாற்காலிக்குப் போனாள். 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லுக்கு அவர் திடுக்கிட்டு நிமிர்ந்திருந்தார். பிறகு எழுந்து நின்றார். கைகூப்பி, அவள் போர்த்துவதற்கு வசதியாகக் கழுத்தை வளைத்துக் கொடுத்தார். அந்தக் குனிவு ஜெகதாம்பாளுக்கு ஏதோ இடறியது. பதறுவார், மறுப்பார், பின்னால் போவார் என்றுதானே நினைத்தாள்? அதற்குள் கைகள் போர்த்திவிட்டிருந்தன. பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள்.

சாமிதுரை வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். முகமெல்லாம் மலர்ச்சி. "நம்ம பிரின்சிபாலம்மா என் வேலைய எவ்வளவு சுலபமாக்கிட்டாங்க பாருங்க! எப்படிச் சொல்றதுன்னு நானே தயங்கிக்கிட்டு இருந்தேன். வர்ற ஜூன்லேருந்து நம்ம கல்லூரில பொருளியல் துறை இல்ல. குருமூர்த்தி சாரும் ஓய்வெடுக்க விரும்புறாரு. அவருக்கு எல்லாரும் பலமா ஒரு தடவ கை தட்டுங்க."

பந்தல் கைதட்டியது. ஜெகதாம்பாளின் காதில் அதற்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

விழா முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஓடினாள். குருமூர்த்தி சால்வையை மடித்துக் கையில் வைத்தபடி தன் வண்டி அருகே நின்றிருந்தார்.

"என்ன சார் இதெல்லாம்? என்ன நடந்துச்சு?"

அவர் வழக்கம்போலத் தரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "ரெண்டு துறைல ஒண்ணு போவணும்னாரு அய்யா, மேடம். ஹிஸ்டரி வேண்டாம்னு நான் சொல்லணும், சொன்னா ஒங்க நாற்காலி எனக்குன்னாரு. முடியாதுன்னேன். என் புள்ளைங்க பி.காம்.ல சேந்துக்கும், ஒங்க புள்ளைங்க எங்க போவும்? அதச் சொல்லித்தான் வாரா வாரம் மில்லுல போயி மன்றாடிக்கிட்டு இருந்தேன். வெறும் வாய்ப்பேச்சுக்கு மசியல. படிச்சு மேல வந்த புள்ளைங்களக் காட்டுன்னாரு. ஒங்களக் கேட்டேன், நீங்க ஒருத்தரையும் சொல்லல. ஒங்க ரூம் செவுத்துல மாட்டியிருக்குற பழைய குரூப் போட்டோவப் பாத்து, ஒவ்வொருத்தரா தேடிப் புடிச்சேன். மஞ்சு பேசுனதப் பாத்துதான் எறங்கி வந்தாரு. ஒண்ண மூடுறதுன்னா அப்ப ஒன்னுதுதான்னுட்டாரு."

"அடக்கடவுளே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சார்?"

"வெளிய மூச்சு விட்டா ரெண்டையும் மூடிருவேன்னு சொல்லியிருந்தாரு. அப்பவும் மனசு கேக்கல." அவர் சால்வையைக் கை மாற்றிக்கொண்டார். "அன்னைக்கே சொன்னேனே மேடம். காப்பி வாங்கி வச்சு, ஒண்ணும் ஆகாது, நிம்மதியா இருங்கன்னு."

இப்போது ஜெகதாம்பாள்தான் தரையைப் பார்த்தாள்.

"சால்வை வரும்னு எனக்குத் தெரியும்" என்றார் குருமூர்த்தி. அந்த மனிதரின் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். "அவரு போத்தியிருந்தா வூட்டுக்குக் கொண்டுபோயி கால் தொடைக்கப் போட்டிருப்பேன். கவலையே பட்டிருக்க மாட்டேன். நீங்க போத்திட்டீங்களே மேடம். இத நான் எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

அவர் சால்வையை வண்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அரியலூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினார். ஒரு லாரிக்குப் பின்னால் புழுதியில் போய் மறைந்தார். ஜெகதாம்பாள் அங்கேயே நின்றாள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள், "மேடம், சேரெல்லாம் எண்ணிப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். வேண்டாம், சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணிவண்ணன் வாசலிலேயே இருந்தான். அவளைக் கண்டதும் கேலியாகத்தான் ஆரம்பித்தான். "என்னா பிரின்சிபாலு, தப்பிச்சிட்டியா? கடைசில யாருக்குத்தான் விழுந்துச்சு சால்வை?"

"குருமூர்த்தி சாருக்கு."

"அட, அந்தாளுக்கா? சாமிதுரை போத்திட்டாரா?"

ஜெகதாம்பாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இல்லங்க" என்றாள். "நான்தான் போத்துனேன்."